குட்டிக்குச் சொல்லிக்கொடுத்தது யார்

— இருங்க, தலைப்பகுதியை மட்டும் படிச்சுக் காட்டிடறேன். "இன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் மூவர் கூடினோம். குழந்தையின் தாய் சோபாவில் அமர்ந்திருந்தார். தந்தையாகிய நான், எழுத வசதியாக, சாப்பாட்டு மேசையருகே. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா…" ஆயாவை எங்கேன்னு போடறது?

— ஏங்க, ஸ்கூல்ல விளக்கம் கேட்டா விளக்கத்தை எழுதுங்க. யார் எங்க உட்கார்ந்தாங்கன்னு எதுக்கு ஊர்க்கதை?

— அப்படி இல்லம்மா. நாம விசாரிச்சோம்னு எழுதுறோம் இல்ல? அப்ப ஆளும் இடமும் முதல்ல வரணும். அதுதான் முறை. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் பிரம்பை வச்சுக்கிட்டுச் சொல்லிக்கொடுத்தது. ஆயாம்மா, நீங்க எங்க இருக்கீங்க?

— தரையில இருக்கேன் ஐயா. எப்பவும் இருக்கிற இடந்தான்.

— தரைன்னு எழுதாதீங்க. அந்த டீச்சர் அதையே பிடிச்சுக்குவா. இந்தா பாரு ஆயா, இது முடியற வரைக்கும் ஒரு நாற்காலியில ஏறி உட்காரு.

— எந்த நாற்காலிங்கம்மா?

— பால்கனியில பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கு பாரு, அதை இழுத்துப் போட்டுக்கோ.

— அதுல செருப்பு வச்சிருக்கீங்க.

— எடுத்துக் கீழ வையேன்.

— வேண்டாங்கம்மா. பாவம், செருப்பு எங்க போய் உட்காரும்.

— பார்த்தீங்களா, வாயை. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. "ஆயாவும் உடனிருந்தார்"னு போட்டுட்டு மேல போங்க.

— சரி. போட்டாச்சு. வரிசையா போவோம். ஸ்கூல்லேருந்து வந்த கடிதத்தை ஒருதடவை எல்லாரும் கேட்டுடலாம். "தங்கள் மகள் நேற்று சிற்றுண்டி வேளையில் உடன் படிக்கும் சிறுமி ஒருத்தியை, 'நீ கருப்பு, நீ கீழே உட்கார்' என்று சொல்லித் தரையில் உட்கார வைத்திருக்கிறாள். 'உனக்கு வேறு டம்ளர்' என்று செடிக்குத் தண்ணீர் ஊற்றும் டம்ளரை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பிஸ்கட்டைக் கையில் படாமல் மேலிருந்து போட்டிருக்கிறாள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் விளக்கம் தரவும். அதுவரை தங்கள் மகளை அனுப்ப வேண்டாம்."

— அந்தப் புள்ள என்ன செஞ்சுதாம் ஐயா?

— எந்தப் புள்ள?

— கீழ உட்கார்ந்த புள்ள.

— என்ன செய்யும். சொன்ன இடத்துல உட்கார்ந்து பிஸ்கட்டைத் தின்னிருக்கு. அழக்கூட இல்லையாம். அதுவே பெருசா எடுத்துக்கல, இவங்க என்னமோ கொலை விழுந்த மாதிரி லெட்டர் அனுப்புறாங்க.

— அழலைன்னா எடுத்துக்கலைன்னு அர்த்தமாங்கம்மா? வீட்டுக்குப் போனதும் அது நாற்காலியை விட்டுட்டு மூலையில போய் உட்காரும். ஏன்டின்னு கேட்டா, "நான் இங்கதானே உட்காரணும்"னு சொல்லும். பெத்தவளுக்கு அப்ப எப்படி இருக்கும்?

— நீ போய்ப் பார்த்தியா? கதை கட்டாதே. ஒரு தாயோட வயித்தெரிச்சல் உனக்கு என்ன தெரியும்? என் பொண்ணு இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகாம வீட்டுல கிடக்கா. அந்த ஸ்கூல்ல இடம் வாங்க நான் எத்தனை பேர்கிட்ட பல்லைக் காட்டினேன் தெரியுமா? அந்தப் பொண்ணுக்கென்ன, குலுக்கல்ல விழுந்த ஓசி சீட்டு. போனா மயிராச்சுன்னு போயிடும்.

— ஏம்மா, பேச்சு பேச்சா இருக்கட்டும். குட்டி உள்ளதான் டிவி பார்க்குது, காதுல விழும்.

— விழட்டும். அவளுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தவளை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு, நான் என் வாயை அடைக்கணுமா?

— நான் சொல்லிக்கொடுத்தேங்களா?

— வேற யாரு? காலையில நான் ஆபீஸ் போனா இருட்டினப்புறம்தான் வரேன். ஊட்டுறது நீ, குளிப்பாட்டுறது நீ, தூங்க வைக்கிறது நீ. நாள் முழுக்க உன் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத் திரியற குழந்தை எங்கிட்டயா கத்துக்கும்?

— நான் அதுக்குப் பல்லு தேய்க்கச் சொல்லிக்கொடுத்தேன். செருப்பை இடம் வலம் பார்த்துப் போடச் சொல்லிக்கொடுத்தேன். கருப்பா இருந்தா கீழ உட்காரணும்னு நான் ஏங்கம்மா சொல்லிக்கொடுக்கப் போறேன்? எனக்கென்ன பைத்தியமா?

— வாயால சொன்னேன்னு நான் சொல்லல. நீ வந்த நாள்லேருந்து தானாப் போய்க் கீழ உட்கார்றே. குழந்தை அதைப் பார்த்துக்கிட்டே இருக்கு. ஓஹோ, இந்த நிறத்துல இருக்கிறவங்க கீழ உட்காருவாங்க போலன்னு நினைச்சுக்கிச்சு. அப்ப சொல்லிக்கொடுத்தது யாரு? நீதானே? நான் உன்னைக் கீழ உட்காருன்னு ஒருநாளாவது சொல்லியிருப்பேனா? சத்தியமாச் சொல்லு.

— சொன்னதில்லைங்க.

— கேட்டுக்கோங்க. எழுதுங்க அதை.

— நான் வந்த அன்னிக்கு இதே சோபாவுல உட்கார்ந்தேன் ஐயா. அம்மா ஒண்ணுமே சொல்லல. நான் எழுந்ததும் உறையைக் கழட்டித் துவைக்கப் போட்டாங்க. துவைச்சதும் நான்தான். அதுக்கப்புறம் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கலை.

— அது… ஏம்மா, அது நிஜமா?

— அன்னிக்குத் துவைக்கிற நாளுங்க. இவ பஸ்ல வந்த வேர்வையோட உட்கார்ந்தா. யாரு உட்கார்ந்தாலும் போட்டிருப்பேன்.

— டம்ளர் விஷயமும் கொஞ்சம் இடிக்குதே. ஆயாம்மாவோட டம்ளர் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குக் கீழதானே இருக்கு? நானே பார்த்திருக்கேன்.

— அது சுகாதாரம். அவளுக்கும் நல்லதுதானே? எங்க எச்சில் அவளுக்கு எதுக்கு? நீங்க யாரு பக்கம் பேசறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

— நான் பக்கமெல்லாம் பேசல. வரிசையா கேட்கிறேன், அவ்வளவுதான்.

— குட்டிக்கு சுகாதாரம்லாம் புரியாதுங்க ஐயா. கண்ணு பார்த்ததைக் கை செய்யும். சட்டியில இருக்கிறதுதான் அகப்பையில வரும்.

— எனக்கே பழமொழியா? என் ஆபீஸ்ல வந்து கேட்டுப் பாரு. எல்லா நிறத்துலயும் ஆளு இருக்காங்க. ஒரே மேசையில உட்கார்ந்து சாப்பிடறேன், அவங்க டப்பாவுலேருந்து எடுத்துக்கூட சாப்பிடறேன்.

— வீட்டுலங்கம்மா?

— வீடு வேற. புரியுதா? அவங்க படிச்சவங்க. உன்னை நான் என்ன குறைச்சு நடத்திட்டேன்? கருப்பா இருந்தாலும் சுத்தமா இருப்பான்னு எல்லார்கிட்டயும் உன்னைப் பத்திப் பெருமையாத்தான் சொல்லியிருக்கேன்.

— அந்த "இருந்தாலும்"தாங்கம்மா குட்டி காதுல விழுந்திருக்கு. வெயில்ல விளையாடப் போனா, "போகாதே, ஆயா மாதிரி ஆயிடுவே"ன்னு சொல்வீங்க. என்னைக் காட்டி என் எதிர்லயே சொல்வீங்க. அது ஒருநாள் என் கையை சோப்பு போட்டுத் தேய்ச்சுது. கருப்பு போகலையேன்னு அழுதுச்சு. அது எம்மேல வச்ச பாசத்துல.

— சும்மா விளையாட்டுக்குச் சொல்றதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கே. இதான் உங்க ஆளுங்ககிட்ட. உப்பைத் தின்ன வீட்டுக்கு இதான் நன்றியா?

— உப்பை யாரும் சும்மா போடலைங்கம்மா. வேலை செஞ்சு தின்னேன்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. கடிதம் இன்னிக்குப் போகலைன்னா குட்டி பேரை எடுத்துடுவாங்க. என்ன எழுதறது?

— நான் சொல்றேன், எழுதுங்க. "விசாரித்ததில், எங்கள் வீட்டு ஆயாவின் நடவடிக்கைகளைப் பார்த்தே குழந்தை இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது என்று தெரிந்தது. அவரை இன்றோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம்."

— அம்மா, நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோங்க. அந்த முதல் வரி வேண்டாங்க. புள்ளைக்குக் கெட்டதைச் சொல்லிக்கொடுத்தவள்னு ஸ்கூல் வரைக்கும் பேர் போச்சுன்னா, அப்புறம் எந்த வீட்டுல என்னை நம்பிப் புள்ளையக் கையில குடுப்பாங்க? எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்.

— அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? எம்பொண்ணு பேரா உன் பேரான்னா எனக்கு எம்பொண்ணு பேர்தான். பேசாம ஒத்துக்கோ. இல்லைன்னா இந்தக் கட்டடத்துல ஒரு வீடு விடாமச் சொல்லிடுவேன். அப்புறம் எந்தப் படியும் ஏற முடியாது.

— ஆயாம்மாவும் கையெழுத்துப் போட்டா வலுவா இருக்கும். ஆனா ஒண்ணு இருக்கும்மா, பின்பக்கத்துல ஒரு குறிப்பு போட்டிருக்காங்க. "தங்கள் பதில், அந்தச் சிறுமியின் தாயார் முன்னிலையில் நாளை காலை படிக்கப்படும். அவர் ஏற்றுக்கொண்டால் மட்டுமே தங்கள் மகள் திரும்ப வரலாம்."

— ஏத்துக்குவா. ஓசி சீட்டுல புள்ளையப் படிக்க வைக்கிறவ. அவ்வளவு பெரிய ஆபீஸ் ரூம்ல நிக்க வச்சுக் கேட்டாங்கன்னா, பயத்துலயே தலையை ஆட்டிட்டுப் போயிடுவா. இவளை மாதிரி ஒருத்தியாத்தானே இருப்பா.

— என்னை மாதிரிதாங்கம்மா இருப்பா.

— தெரியுதில்ல? அப்ப போடு கையெழுத்தை.

— நான் சொல்லிக்கொடுத்தேன்னு போட மாட்டேன். "எனக்குப் படித்துக் காட்டப்பட்டது"ன்னு எழுதுங்க ஐயா, அதுக்குக் கீழ போடறேன். அது நிஜந்தானே.

— அது முறைதான். எழுதலாம்.

— ஏதோ ஒண்ணு. போட்டாச் சரி.

— இன்னொண்ணும் எழுதுங்க ஐயா. உங்க வீட்டுல என்னை எப்படி வச்சிருந்தீங்கன்னு. அம்மாவே சொல்லட்டும்.

— ஏன், சொல்றதுக்கென்ன, எனக்குப் பயமா? எழுதுங்க. "நாங்கள் நிறமோ தகுதியோ பார்ப்பவர்கள் அல்ல. ஆயாவை எங்கள் குடும்பத்தில் ஒருத்தியாகவே நடத்தினோம். அவரைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எங்கள் நம்பிக்கையைத்தான் அவர் கெடுத்துவிட்டார்."

— விடாம எழுதினீங்களா ஐயா?

— எழுதிட்டேன். வார்த்தைக்கு வார்த்தை. இந்தாம்மா, நீ இங்க போடு கையெழுத்து. நான் இங்க. ஆயாம்மா, உங்க முழுப் பேரு…

— ஆயான்னு போட்டாப் போதாதா?

— போதாதும்மா. சொல்லுங்க ஆயாம்மா. கேட்கவே கூச்சமா இருக்கு, எனக்கு ஞாபகம் வரல.

— நீங்க கேட்டதில்லைங்க ஐயா. வந்த அன்னிக்கு அம்மாகிட்ட சொன்னேன். "வாயில நுழையல, ஆயான்னே கூப்பிடறேன்"னாங்க. பேனாவைக் குடுங்க, நானே எழுதிடறேன்.

— மேசையில வச்சு எழுதுங்க. நின்னுக்கிட்டே எழுதினா கோணும்.

— அவ நின்னே எழுதுவா. நீங்க உறையை எடுங்க.

— மூணா மடிச்சு… விலாசம் வெளியில தெரியணும்… பசையை எங்க வச்சே? ஆங், இதோ. ஒட்டியாச்சு. இதுக்கு மேல ஒரு எழுத்துகூட மாத்த முடியாது.

— ஜன்னல்லேருந்து டிரைவரைக் கூப்பிடுங்க. ஸ்கூல் ஆபீஸ் மூடறதுக்குள்ள கையில குடுக்கணும்.

— தம்பி, கொஞ்சம் மேல வாங்க… இந்த உறையை ஆபீஸ்ல குடுத்துட்டு, வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க… கிளம்பிட்டாரும்மா. கார் வாசலைத் தாண்டிடுச்சு.

— அப்பாடா. ஆயா, நீ இப்பவே கிளம்பு. குட்டிகிட்டச் சொல்லிக்கிறேன் கொஞ்சிக்கிறேன்னு உள்ள போகாதே. உன் துணிமணி ஏதாவது இருந்தா நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கோ.

— நாளைக்குக் காலையில முடியாதுங்கம்மா. ஸ்கூலுக்குப் போகணும்.

— எந்த ஸ்கூலுக்கு?

— குட்டியோட ஸ்கூலுக்குத்தான்.

— உன்னை யாரு கூப்பிட்டா? அந்த லெட்டரை அந்தப் பொண்ணோட அம்மா முன்னாடிதானே படிக்கப் போறாங்க?

— ஆமாங்கம்மா. கீழ உட்கார்ந்தது எம்புள்ளைங்க.