அடுப்புக்குழாய்ப் பீரங்கி

மேடையில் வீற்றிருக்கும் புகைப்படக் கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஃபிக்ரெத்தின் மனைவி, சகோதரி ஸெமீரா அவர்களே, முற்றுகை நாட்களில் சரயேவோவை விட்டு ஓடாமல் கிடந்த என் மக்களே! வணக்கம்.

நான் முனீப், பிஸ்த்ரிக் மேட்டில் தகர வேலை செய்கிறவன். என் நண்பர், புகைப்பட மேதை ஃபிக்ரெத் லிகாத்தா அவர்களைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மலைமேல் இருந்து நம்மைச் சுட்டவனுக்கு மூன்றரை வருடம் கொடுத்த ஊர் இது. எனக்கு இரண்டு நிமிடம் கூடக் கொடுங்கள்.

யார் இந்த ஃபிக்ரெத்? நம் கையில் என்ன ஆயுதம் இருந்தது என்று உலகத்துக்குக் காட்டியவர்! தண்ணீர்க் குழாயில் செய்த துப்பாக்கியைப் படமெடுத்தார். ஐந்து பேருக்கு ஒரு துப்பாக்கி. காவல் மாறும்போது அது கைமாறுவதைப் படமெடுத்தார். முயல் வேட்டைத் துப்பாக்கியின் உடைந்த கட்டையில் ஒட்டுநாடா சுற்றியதைப் படமெடுத்தார். மலைமேல் இருந்தவனிடம் என்ன இருந்தது? உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

மேடைக்குப் பின்னால் பெரிதாகத் தொங்குகிறதே, அவருக்குப் பரிசு வாங்கித் தந்த பீரங்கிப் படம்! அந்தப் பீரங்கியைச் செய்தவன் நான். இரண்டு அடுப்புப் புகைக்குழாய், கைவண்டிச் சக்கரம், கொஞ்சம் கறுப்புச் சாயம், அவ்வளவுதான். தெருமுனையில் தண்ணீருக்கு நின்ற ஒன்பது பேரைக் குண்டு போட்டுக் கொன்றார்கள். அதில் ஒருத்தி என் மனைவி ஹய்ரியா. அடக்கம் முடிந்த மறுநாள், எங்களிடமும் ஏதோ இருக்கிறது என்று அவன் பயப்படட்டும் என்றுதான் அதைச் செய்தேன். ஃபிக்ரெத் கேமராவில் கண்ணை வைத்தார். "மேஸ்திரி, இது சுட்டா புகைதான் வரும். அதுவும் நாம அடுப்பு பத்த வெச்சாத்தான்," என்றார். ஹய்ரியா போன பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

பொய்யை முழுசாகச் சொல்ல வேண்டும், பீரங்கி வெகுநாளாகவே நம்மிடம் இருப்பதாக அவன் நம்ப வேண்டும் என்று, படத்தின் பின்னால் இரண்டு மாதம் முந்தைய தேதியை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்தார். ஆமாம், பொய்த் தேதி! தலைவர் என்னை முறைக்கிறார். முறைக்கட்டும்.

அந்தக் குண்டுகளைப் போடச் சொன்ன கர்னல் இன்று நீதிமன்றத்தில் நிற்கிறான். அவனுடைய வக்கீல் போன மாதம் இந்தப் படத்தைத்தான் தூக்கிக் காட்டினார். தண்ணீர் வரிசையை நாங்கள் சுடவில்லை, பக்கத்தில் நின்ற பீரங்கியைச் சுட்டோம், தேதி இதோ அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது என்றார். நம் பொய்யை எடுத்தே நம் பிணங்களை மூடப் பார்க்கிறான்!

அன்று மாலையே ஃபிக்ரெத் என் பட்டறைக்கு வந்தார். கையில் வெட்டாமல் வைத்திருந்த படச்சுருள். ஓரத்தில் எண்கள். பதினான்காவது படத்தில் தண்ணீர்க் கேன்களும் பிணங்களும். இருபத்திரண்டில் பீரங்கி, பக்கத்தில் தகரக் கத்தரியோடு நான். முதலில் சாவு, அப்புறம்தான் பீரங்கி. இதைக் காட்டினால் அவன் கதை முடிந்தது. ஆனால் பொய்த் தேதி எழுதியதை ஃபிக்ரெத் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணால் கண்டதைத் தவிர எதையும் சொல்லாதவன் என்று நாற்பது வருடம் மார்தட்டிய மனிதர்! வேண்டாம், வேறு வழி பார்ப்போம் என்று கெஞ்சினேன்.

"என் பேரு நாறட்டும், முனீப். அவன் வீட்டுக்குப் போயி பேரப்பிள்ளைங்களோட உக்காந்து காபி குடிக்கக் கூடாது," என்றார்.

சாட்சி சொல்ல எட்டு நாள் இருக்கும்போது மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மன்னிப்பைப் பற்றி நன்றாகப் பேசினார்கள். என்னால் முடியாது. ஹய்ரியாவின் வலது கை, பிய்ந்த செருப்பு மாதிரிக் கிடந்ததைப் பொறுக்கியவன் நான். எனக்கு வேண்டியது பழி. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஸெமீரா சுருளை என்னிடம் கொடுத்துவிட்டார். ஃபிக்ரெத் அவர்களே, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சாட்சிக்கூண்டில் ஏறி, நீங்கள் பொய் எழுதினீர்கள் என்று ஊர் கேட்கச் சொல்லப் போகிறேன். உங்களுக்கு நான் செலுத்தும் அஞ்சலி அதுதான். சொல்லும்போது நான் நீதிபதியைப் பார்க்க மாட்டேன். கர்னலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.