தேன் கலந்த மஞ்சள்

பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுப்பதில் கஷ்டமான வேலை, அவர்களை ஓரிடத்தில் உட்கார வைப்பதுதான். கோடும் நிழலும் பிறகு தானாக வரும். இத்தனை வருஷம் நாமக்கல்லில் லாரிகளுக்குப் படம் எழுதியிருக்கிறேன். ஒரு லாரியும் பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனதில்லை.

ஞாயிறு வகுப்பு நடத்தச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. லாரிக்குப் பாடி கட்டும் எங்கள் பட்டறை அன்றைக்கு மூடியிருக்கும், தகரக் கொட்டகை சும்மா கிடக்கும். முதுகுவலியோடு வீட்டில் படுத்துக் கிடப்பதற்குப் பதில் அங்கே போய் உட்காரலாம் என்று ஆரம்பித்தேன். வந்த பிள்ளைகளில் பாதிப் பேர், வீட்டில் தொல்லை தாங்காமல் அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் யாருக்கும் என்னால் ஒரு கெடுதலும் வரவில்லை. விசாரித்துக்கொள்ளுங்கள்.

நர்மதா எருமப்பட்டியிலிருந்து வருவாள். பதினேழு வயது. அம்மா பெருமாயிக்குக் கோழிப்பண்ணையில் வேலை. முதல் நாள் எல்லாரையும் ஒரு கோழி வரையச் சொன்னேன். மற்றவர்கள் கொண்டையும் வாலும் போட்டார்கள். இவள் கூண்டுக் கம்பிக்கு வெளியே நீட்டிய கழுத்தை மட்டும் வரைந்திருந்தாள். மீதிக் கோழி எங்கே என்றேன்.

"உள்ள இருக்குதுங்க மாஸ்டர். அதுக்குத் திரும்பவே எடமில்லீங்க, நான் எங்க போய் வரையறது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாரும் போனபிறகு அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு கழுத்தை என்னால் போட முடியாது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

லீவு நாட்களில் பட்டறைக்கும் வரச் சொன்னேன். புது லாரியின் முகப்பில் சாமி படம் எழுதும்போது கண்ணை மட்டும் கடைசியில் வைப்பது எங்கள் பட்டறை வழக்கம். ஓனர் குளித்துவிட்டு வந்து எதிரே நிற்பார். மூத்த ஆர்ட்டிஸ்ட்தான் கண் வைப்பான். அதன் பிறகுதான் வண்டியை ஸ்டார்ட் செய்வார்கள். லாரி ஓனர் ராசப்பனின் வண்டிகள் எல்லாவற்றுக்கும் கண் வைத்தவன் நான். போன வருஷம் புது வண்டி எடுக்க வந்தவர், நான் பிரஷை எடுத்ததும் குறுக்கே கையை நீட்டினார்.

"கைலாசண்ணா, தப்பா நெனைக்காதீங்க. இந்த வாட்டி அந்தப் புள்ளையே கண்ணு வெக்கட்டுமுங்க. நீங்க வெச்ச சாமியெல்லாம் தூக்கங்கெட்ட டிரைவராட்டம் பாக்குது."

வெல்டிங் செய்துகொண்டிருந்தவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். நர்மதா சிரிக்கவில்லை. "வேண்டாமுங்க, மாஸ்டரே வெக்கட்டும்" என்றாள். அவளிடம் எனக்குப் பிடிக்காமல் போன ஒரே காரியம் அது. நானே பிரஷை அவள் கையில் கொடுத்தேன். நன்றாகத்தான் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவளுக்கென்று தனியாக வர்ணம் குழைத்துக் கொடுத்தேன். சென்னையில் ஓவியக் கல்லூரியில் சேர அவளுக்கு ஆசை. அதற்கு வரைந்து காட்டும் தேர்வு ஒன்று உண்டு. கடை வர்ணம் அதற்கு உதவாது என்றேன். பழைய டப்பா ஒன்றில் மஞ்சள் வர்ணப் பொடி வைத்திருந்தேன். அந்தச் சரக்கு இப்போது வருவதில்லை. கோந்துத் தண்ணீரில் குழைத்து, சேந்தமங்கலத்தில் வாங்கிய மலைத்தேன் கொஞ்சம் விட்டேன். தேன் விட்டால் வர்ணம் சீக்கிரம் காயாது. நாக்குக்கும் உறுத்தாது. பிரஷ் முனை கூராக நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு கோட்டுக்கும் அதை உதட்டில் வைத்து இழுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகளும் கேட்டார்கள். உங்களுக்கு இன்னும் அந்தப் பக்குவம் வரவில்லை என்றேன்.

வீட்டிலும் தினமும் பழகச் சொன்னேன். சொன்னதைக் கேட்கிற பிள்ளை அவள். தீரத் தீரக் குழைத்துக் கொடுத்தேன்.

சித்திரை பிறந்ததும் பெருமாயி என்னைத் தேடி வந்தாள்.

"ஏனுங்ண்ணா, புள்ள வயித்து வலின்னு சுருண்டு சுருண்டு படுத்துக்குது. சோறும் எறங்க மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்கு இந்த வரையறத உட்டுப்போட்டு இருக்கட்டுங்களா?"

"பரீட்சை வர்ற நேரம் பெருமாயி. இப்ப உட்டா கை மறந்து போயிரும்."

"அதுஞ் சரிதானுங்க. நான் சொன்னா எங்க கேக்குறா, மாஸ்டரு சொன்னாருன்னு ராவும் பகலும் அதே வேலை" என்று சொல்லிவிட்டு, பண்ணையிலிருந்து கொண்டுவந்த முட்டைகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

உங்கள் டாக்டர் சொன்னது சரி. அந்தப் பொடியில் ஈயம் இருக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். நான் தொழில் பழகியபோது சென்றாயன் என்பவர் எங்களுக்கு மூத்த ஆர்ட்டிஸ்ட். இதே மஞ்சளில் எழுதும்போது பிரஷை உதட்டில் வைக்கிற பழக்கம் அவருடையது. முதலில் வயிறு வலித்தது. பிறகு முகம் வெளுத்தது. பிறகு வலது மணிக்கட்டு தொங்கிப்போனது. சேலத்தில் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போனவன் நான். காரணத்தை என்னிடம்தான் சொன்னார்கள். அன்றிலிருந்து நான் பிரஷை வாயருகே கொண்டுபோனதில்லை.

ஆகவே நர்மதாவுக்கு எது முதலில் வரும், எது பிறகு வரும் என்று எனக்குத் தெரியும். பெருமாயி வந்து நின்றபோதும் தெரியும். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

தேர்வுக்கு முந்திய வாரம் வகுப்பில் அவள் விரல்கள் பிரஷைப் பிடித்தன, மணிக்கட்டு நிமிரவில்லை. "மாஸ்டர், கை தூக்க மாட்டேங்குதுங்க" என்றாள். நான் அந்தக் கையை எடுத்துப் பலகைமேல் வைத்தேன். விட்டதும் தொங்கியது. மற்றப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். எனக்கு அப்போது மிகவும் களைப்பாக இருந்தது. தெரிந்தே செய்தேன். கோபத்தில் செய்யவில்லை என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இப்போது இடது கையால் வரைகிறாளாம். கோடு கோணிக்கொண்டு போகிறது என்று சொன்னார்கள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் ஒருவர் இருந்து பொறுமையாகத் திருத்த வேண்டும். நர்சுகளுக்கு அதெல்லாம் தெரியாது. இங்கே ஸ்டேஷனில் உங்கள் வேலை முடிந்ததும் என்னை ஒரு மணி நேரம் அவளிடம் கூட்டிப்போங்கள். என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு ஆள் இல்லை.