உடைசலுக்கு ஒன்று

"பத்திரிகை வச்சு முடிச்ச பொண்ணு மலையேறப் போவுதுன்னா, ஊரு எதால சிரிக்கும்னு தெரியுமாடி?"

"எதால வேணா சிரிக்கட்டும். கம்பெனி ஆளுங்க ஏழு பேரு போறோம். விடியக்காலம் கெளம்பி வெளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடுவோம்."

"ஏழா? தோ, சீட்டுல எட்டுன்னு எழுதியிருக்குது. அந்த எட்டாவது ஆளு யாரு? மொதல்ல அதச் சொல்லு."

வீரம்மாள் வீட்டுச் சண்டை இது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. எங்கள் சமையலறை ஜன்னலும் அவர்கள் கூடத்து ஜன்னலும் எதிரெதிரே இருந்தால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? மிக்ஸியை நிறுத்தினேன். அவ்வளவுதான்.

கரண்ட் வருகிறவரைக்கும் சொல்கிறேன். நெருங்கி உட்காருங்கள். யாரும் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போக வேண்டாம்... நான் நிறுத்த மாட்டேன்.

வீரம்மாளின் ஒரே மகள் கயல்விழி. நம்மூர் பீங்கான் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. ஃபியூஸ் கட்டையைச் சின்ன இரும்புக் குச்சியால் தட்டிப் பார்ப்பாள். கிண்ணென்றால் நல்லது. டொக்கென்றால் உள்ளே கீறல். ஒரு நாளைக்கு ஆயிரம் கட்டை. அதே கம்பெனியில் சூளை பார்க்கிறவன் சேரன். இரண்டு பேருக்கும் மூன்று வருஷப் பழக்கம். அந்த மூன்று வருஷமும் வீரம்மாள் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண்ணுக்கு இருபத்தொன்பது ஆன பிறகு, வேறு வழியில்லாமல் சம்மதித்தாள். முகூர்த்தத்துக்கு இருபத்தொரு நாள் இருந்தது. இந்தக் கல்யாணம் நின்றுபோனால் இந்தப் பெண்ணுக்கு இன்னொன்று நடக்காது என்பது வீரம்மாளுக்குத் தெரியும். தெருவுக்கும் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன்.

சேரன் அப்போது வாசலில் நின்றிருந்தான். உள்ளே வரத் தைரியம் இல்லை.

"அது ஆளு இல்லைங்க அத்தை," என்றான். "உடைசலுக்கு ஒண்ணு."

சூளைக்காரர்களின் வழக்கம் அது. நூறு கட்டைக்கு ஆர்டர் வந்தால் நூறோடு நிறுத்த மாட்டார்கள். உடைசலுக்கென்று மேலே சிலவற்றைச் சேர்த்து அடுக்குவார்கள். நெருப்பு எதை எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்று வெடித்தால் மேலே வைத்தது அதன் இடத்துக்குப் போய்விடும். வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. சேரனுக்கு இந்தப் புத்தி சூளையோடு நிற்கவில்லை. ஏழு டீ வேண்டுமென்றால் எட்டு சொல்லுவான். தாலியும் இரண்டு செய்வான் போலிருக்கிறது என்றேன், ஜன்னல் வழியாக. வீரம்மாள் சிரிக்கவில்லை.

மலைக்குப் போட்ட திட்டமும் சூளைக் கணக்குத்தான். கல்வராயன் மலையில் காட்டுக்குள்ளே இரண்டு உச்சி. நாலு மணிக்கு வேன். ஆறரைக்கு அடிவாரம். ஒன்பதுக்கு முதல் உச்சி, அரை மணி நிற்க வேண்டும். பிறகு காட்டுச் சரிவு, பன்னிரண்டுக்கு இரண்டாவது உச்சி, அங்கே சாப்பாடு. சூடு ஏற்றுகிற மாதிரி மெதுவாக ஏற வேண்டும், ஆறுகிற மாதிரி மெதுவாக இறங்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதியிருந்தான். கீழே: 'ஆள் 8, தண்ணீர் பாட்டில் 8, எலுமிச்சை சாதம் 8.'

ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை நாலு மணி. சின்னசேலம் தாண்டினால் ரோட்டில் நாய்கூட இல்லை. இரண்டு பக்கமும் சோளக்கொல்லை.

அடிவாரத்தில் ஒரு காவல் கொட்டகை. வாட்ச்மேன் சீட்டை வாங்கி நோட்டில் எட்டு என்று எழுதினான். சேரன் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. எழுதினது இருக்கட்டுமே என்கிற சோம்பல். பனி இருட்டு இன்னும் விலகவில்லை, வாட்ச்மேன் டார்ச்சை ஒவ்வொரு முகத்திலும் அடித்து எண்ணினான்.

"எட்டு. சரியாருக்குது. போங்க."

டிரைவரையும் சேர்த்து எண்ணியிருப்பான் என்று கூட வந்த டோமினிக், கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறவன், நினைத்தான். திரும்பிப் பார்த்தான். டிரைவர் வேனுக்குள் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்...

முதல் உச்சி நன்றாகத்தான் இருந்திருக்கிறது. வெயில், காற்று, போட்டோ. இரண்டாவது உச்சியில் பொட்டலம் பிரித்தார்கள். நீட்டிய கைகளிலெல்லாம் சேரன் வைத்துக்கொண்டே போனான். பை காலி. சாப்பிட்டு முடித்து டோமினிக் இலைகளைப் பொறுக்கினான். எட்டு. எட்டும் வழித்துத் தின்ற இலை.

"எவன்டா ரெண்டு தின்னது?"

"நீதான்டா. வவுத்தப் பாரு," என்று எல்லோரும் அவனைக் கேலி செய்தார்கள்.

இறங்கும்போது மூடுபனி. பட்டப்பகல் இரண்டு மணி, முன்னே போகிறவன் முதுகு தெரியவில்லை. ஒற்றையடிப் பாதை. இடது பக்கம் பள்ளம். கயல்விழியின் கையைச் சேரன் பிடித்திருந்தான். நடுக்காட்டில் ஒரு வாசனை வந்ததாம்... சூளைக் கதவைத் திறந்ததும் அடிக்குமே, அந்தச் சுட்ட மண் வாசனை.

பள்ளத்துக்குள்ளே ஒரு சத்தம்.

டொக்.

அப்புறம் கீழேயிருந்து சேரனின் குரல். "கயலு... கையக் குடு."

அவள் நின்றுவிட்டாள். பிடித்திருந்த கை இறுகியது. ஈரமே இல்லாத கை. அந்தக் குளிரிலும் சுடுகிற கை.

மறுபடி கீழேயிருந்து, "கயலு..."

பக்கத்தில் இருந்தவன் சொன்னான், "திரும்பாத. நட."

அவள் நடந்தாள்.

கொட்டகையில் வாட்ச்மேன் எண்ணினான். ஏழு. "எட்டுப் பேருல்ல போனீங்க?" ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் இருந்தார்கள். யாரும் குறையவில்லை. "ஏழுதாங்க சரி," என்றான் சேரன். வாட்ச்மேன் எட்டை அடித்து ஏழு போட்டான்.

மூன்றாம் நாள் கயல்விழி என் சமையலறைக்கு வந்து இதையெல்லாம் சொன்னாள். உட்காரவில்லை.

"அக்கா, ஏழு பேரும் வந்துட்டோம். ஆனா எட்டுல ஒண்ணு ஒடைஞ்சிது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? எது ஒடைஞ்சிது, எது வந்துதுன்னுதான் தெரியல. அது கூப்பிட்டுதுக்கா. நான் திரும்பிப் பாக்கல."

"மலைக்காத்து புடிச்சிருக்குது. விருத்தகிரீஸ்வரர் கோயில்ல துந்நூறு வாங்கிப் பூசு, சரியாப் போயிடும்," என்றேன்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

சொல்லவில்லை... இரண்டு மணி நேரம். சாயங்காலம் குழாயடியில் நாலு பேர் இருந்தார்கள். பள்ளத்திலிருந்து கூப்பிடுகிற குரலைக்கூட நடித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார்கள். மறுநாள் அது சேரன் வீட்டுக்குப் போயிற்று. பெண்ணுக்குப் புத்தி சரியில்லை, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அவன் அம்மா வந்து வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள். கயல்விழி மறுத்துப் பேசவில்லை. வீரம்மாள் என் ஜன்னலைப் பார்த்தாள். அன்றைக்கு அடைத்த ஜன்னலை இன்றுவரை திறக்கவில்லை.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, மாப்பிள்ளையும் தயார். தங்கமான பையன், குடி இல்லை, எதிர்த்து ஒரு பேச்சு இல்லை. கருவேப்பிலங்குறிச்சியில் என் தங்கை மகள் வெண்பாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். நானே போய்ப் பேசினேன். அதே முகூர்த்தம், அதே மண்டபம். பத்திரிகையில் பெண்ணின் பெயரை மட்டும் மாற்றினோம். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று தெருவே பேசிற்று.

கயல்விழி வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்துக்கே போய்விட்டாள். அங்கே ஒரு பிள்ளைகள் விடுதியில் சமையல் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லீவு நாளில் தனியாக மேலே ஏறிப் போகிறாளாம். வீரம்மாள் ஒரு தடவை பார்க்கப் போனாள். திரும்பி வந்து வீட்டை விற்கக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்துப் போன மாதம் எனக்கு ஒரு போன். கயல்விழி. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். நலம் விசாரித்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, வெண்பா வூட்டுக்காரரு முடி வெட்டிக்கறாரா?"

"என்னடி கேள்வி இது? பளிச்சுனு இருக்காரு. தாடி மீசை ஒரு நாளும் கண்டபடி கெடந்து பாத்ததில்ல."

"ம்," என்றாள். வைத்துவிட்டாள்.

நான் விடுகிற ஆளா? மாதம் தவறாமல் சேரன் போய்க்கொண்டிருந்த சலூன் நம் தெருமுனையில்தானே இருக்கிறது. காய் வாங்கப் போகிற சாக்கில் சலூன்கார மாணிக்கவேலிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அவரா? கல்யாணத்துக்கு முன்னாடியே வரத நிறுத்திட்டாருங்க. கடைய மாத்திட்டாருன்னு நெனச்சேன்."

அன்றைக்கே வெண்பா வீட்டுக்குப் போனேன். குளியலறை அலமாரி, பீரோ, கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் பார்த்தேன். வீட்டில் ஒரு பிளேடு இல்லை. சேரன் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாண போட்டோவில் இருக்கிற அதே கிருதா, அதே மீசை, அதே அளவு... ஒரு நெல்மணி நீளம்கூட வளரவில்லை.

"வாங்க பெரியம்மா," என்றான்.

வெண்பாவுக்கு இது ஐந்தாம் மாதம்.