இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம்

கதவை மெதுவாகச் சாத்துகிறவர்களை எனக்குப் பிடிக்கும், சார். என் மனைவியின் தம்பி அந்த ரகம். அதனால்தான் சிபாரிசு பிடித்து எங்கள் ஆய்வகத்தில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். விரல் தடிமன்கூட இல்லாத கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் கரைசல். அதற்குள் மின்னேற்றம் கொண்ட கரிம அயனிகள் அலைகின்றன. குழாயைப் பெரிய காந்தத்துக்குள் இறக்கி, அவை எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று அளப்பேன். சரியாக அளந்தால் வரைபடத்தில் நேர்க்கோடு வர வேண்டும். பன்னிரண்டு வருடமாக எனக்கு வந்தது நாய்வால். என்னிடம் வேலை பழகியவர்கள் முனைவர் ஆகிப் போய்விட்டார்கள். வயிறு எரிந்தது, சார்.

எல்லாம் பக்கத்து அறையால்தான். அங்கே திரவ நைட்ரஜன் தொட்டி இருக்கிறது. அதன் ஆவியை வெளியேற்றும் விசிறி சுற்றினால் சுவர் நடுங்கும். அந்த அறைக்கு இருக்கும் ஒரே வாசலில் இரும்புக் கதவு. அது அசைந்தால் காந்தப்புலமே கலைந்துவிடும். கதவை மாற்றச் சொல்லி எத்தனை கடிதம் எழுதினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை விசிறியை நிறுத்திவிட்டு அளவீட்டைத் தொடங்கினேன். மச்சினன் உள்ளே குடுவைகளில் நைட்ரஜன் நிரப்பிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் கதவின் கண்ணாடிக்கு அருகே வந்து நின்றான்.

"மாமா, ஃபேன் ஓடல. தலை ஒரு மாதிரி சுத்துது. வெளிய வரட்டுமா?"

"அளவு ஓடுதுன்னு சிவப்பு விளக்கு எரியுதுல்ல? இன்னும் பதினெட்டு நிமிஷம்தான். கதவைத் தொடாம அப்படியே உக்காரு."

உட்கார்ந்தான். சொன்ன சொல்லைத் தட்டமாட்டான். பிறகு அவன் தலை சாய்ந்தது.

நைட்ரஜன் ஆவி மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும் என்பது தெரியாதா என்கிறீர்கள். தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தப் பாடத்தை எடுப்பவனே நான்தான். என் நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவே மூன்றடி. அளவீடு முடிய இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடு நேராக வந்தது, சார். நூல் பிடித்த மாதிரி. அதன் பிறகு கதவைத் திறந்தேன், மெதுவாக.

என் மனைவி இப்போது என்னோடு பேசுவதில்லை. கட்டுரை வெளிவந்தால் அவளுக்கே புரியும். நன்றியுரையில் முதல் பெயராக அவனைத்தான் போட்டிருக்கிறேன். நன்றி கெட்டவன் என்று மட்டும் என்னை யாரும் சொல்ல முடியாது.