கோலம் போட இடமில்லாத காலை

லாரி உரிமையாளர் சங்கத்தைக் கட்டிக்காக்கும் தலைவர் ரெத்தினம் ஐயா அவர்களே! எங்கள் வீட்டு அடுப்பெரியக் காரணமான முதலாளி, திருவிடைமருதூர் நாகநாதன் ஐயா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, ‘இவள் என்னத்தைப் போட்டு உடைக்கப் போகிறாளோ’ என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளியம்மா பிரகதாம்பாள் அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! திருச்சிக்கும் நாகைக்கும் இடையே தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, இங்கே நாற்காலியில் கண்ணயரும் ஓட்டுநர் தோழர்களே! உறங்குங்கள், கோபிக்க மாட்டேன். நீங்கள் நிம்மதியாய் உறங்கத்தானே இந்த விழா! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் ஃபிளோரா. பள்ளியிலே தமிழாசிரியை, வீட்டிலே லாரி ஓட்டுநர் ரெமிஜியஸின் மனைவி. நாம் கூடியிருக்கும் இந்தத் தஞ்சாவூர் லாரி நிறுத்துமிடம் புதிதல்ல. இந்தச் சுவரும் விளக்கும் காவலும் கட்டிலும் முன்பே இருந்தன. ஆனால் இரவு வண்டியை உள்ளே விட்டால், கட்டணம் ஓட்டுநரின் பேட்டாவில், அவருக்குக் கிடைக்கும் அன்றாடப் படிக்காசில், போகும். போன வாரம் முதல் அதை முதலாளிகள் தருகிறார்கள். அதற்குத்தான் இந்த மாலையும் மேளமும்.

இதற்கா இவ்வளவு ஆரவாரம் என்பீர்கள். கேட்கிறேன், சொல்லுங்கள். டீசல் தீர்ந்தால் யார் செலவு? முதலாளி செலவு! டயர் தேய்ந்தால் யார் செலவு? முதலாளி செலவு! நெல் நனையாமல் மூடும் தார்ப்பாய் யார் செலவு? அதுவும் முதலாளி செலவு! ஓட்டுகிறவன் கண் சொக்கினால் மட்டும் அவன் செலவா? பகலெல்லாம் பாரம், இரவெல்லாம் பயம் என்று எத்தனை நாள் பிழைப்பது?

பேட்டாவை மிச்சம் பிடித்தால் பிள்ளைக்குச் சீருடை வாங்கலாம் என்று என் வீட்டுக்காரர் சாலையோரத்திலேயே வண்டியை நிறுத்துவார். ஆறடி மனிதர், கேபினுக்குள் காலை நீட்ட முடியாது. வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுப்பார். போன தை மாதம், சம்பா நெல் ஏற்றிய வண்டியைக் கும்பகோணம் சாலையில் அப்படித்தான் போட்டிருந்தார். விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஒரு வேன் பின்னால் வந்து மோதியது. நல்லவேளை, அவர் எழுந்து டீ குடிக்கப் போயிருந்தார். வேன்காரருக்கும் சிராய்ப்போடு போயிற்று. இவருடைய போர்வை மட்டும் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. தலைக்கு வந்தது போர்வையோடு போயிற்று! அந்தப் போர்வையை நான்தான் துவைத்தேன், தாய்மார்களே. துவைத்துக்கொண்டே அழுதேன்.

நாகநாதன் ஐயா பதறித்தான் போனார். இனி ரோட்டோரம் போடாதே, பத்திரமான இடமாகப் பார்த்துப் போடு என்று சொல்லிவிட்டார். கட்டணத்தை யார் தருவது என்று கேட்டதற்கு இருமினார். ஐயா, இப்போதும் இருமுகிறீர்கள்!

என் வீட்டுக்காரர் முதலாளி சொல்லைத் தட்டாதவர். டெல்டாவிலேயே பத்திரமான இடம் எது என்று யோசித்தார். திருடன் வராத தெரு, விளக்கு எரியும் தெரு, போலீஸ் விரட்டாத தெரு. மறுவாரம் நெல் வண்டியைக் கொண்டுபோய் முதலாளி வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்!

விடிந்தது. பிரகதாம்பாள் அம்மா வாளியும் கோலமாவுமாகக் கதவைத் திறந்தார்கள். வாசல் எங்கே? வாசல் முழுக்க லாரி! இருக்கிற இடத்தில் தெளிப்போம் என்று வீசிய தண்ணீர், அடியில் படுத்திருந்தவர் முகத்தில் விழுந்தது. பிறந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவர், அன்றைக்கு இரண்டாம் முறையும் பெற்றார்!

சத்தம் கேட்டு வெளியே வந்த ஐயா, ராத்திரி தங்குவது அவன் பாடு, அதற்கு என் வாசலா கிடைத்தது என்று சத்தம் போட்டார். அப்போது அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்களாம்:

“ஏங்க, நம்ம சூர்யபிரகாஷ் சிங்கப்பூர் கெளம்பறப்ப ஏஜெண்டுகிட்ட மொதல்ல என்ன கேட்டீங்க? சம்பளத்தையா கேட்டீங்க? தங்குற எடம் கம்பெனி குடுக்குமான்னுதானே கேட்டீங்க? இல்லேன்னா புள்ளைய அனுப்ப மாட்டேன்னீங்க.”

ஐயா வந்த வழியே திரும்பினார். உள்ளே போனார். சற்று நேரத்தில் என் வீட்டுக்காரருக்குக் காபி வந்தது.

அந்தக் கேள்வியைத்தான் ஐயா சங்கக் கூட்டத்திற்குக் கொண்டுபோனார். இன்றைக்குக் கட்டணம் கொடுத்தால் நாளைக்கு மெத்தை கேட்பான் என்றார்கள் மற்ற முதலாளிகள். வண்டி சும்மா நிற்பதற்குக் காசா என்றார்கள். அதிகம் சொன்னவர் நம் தலைவர் ரெத்தினம் ஐயாதான். சிரிக்கிறார், பாருங்கள்! ஆனால் அந்தக் கூட்டத்தில் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ பிள்ளையை அனுப்பாத முதலாளி எத்தனை பேர்? அந்தக் கேள்வியைக் கேட்காத தகப்பன் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. தீர்மானத்தில் முதல் கையெழுத்து தலைவருடையது. மனம் மாறத் தெரிந்த மனிதருக்கு என் வணக்கம்!

பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி, கொசுவத்தியையும் சேர்த்துக் கேளுங்க டீச்சர் என்கிறார். பொறு தம்பி, மேளச் சத்தம் அடங்கட்டும்!

இது சலுகையா? இல்லை. தருமமா? இல்லவே இல்லை. ஓடுவது தொழில் என்றால், ஓய்வதும் அந்தத் தொழிலில் பாதி. நிற்க இடமுள்ள வண்டிதான் ஊர் போய்ச் சேரும்; படுக்க இடமுள்ள மனிதன்தான் வீடு வந்து சேருவான்!

எத்தனையோ வருடமாய்ப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தவள் நான். விடியுமுன் மணியடித்தால் சிலுவை போட்டுக்கொண்டுதான் எடுப்பேன். போன வாரம் முதல்முறையாக அவர் இந்த இடத்திலிருந்து பேசினார்.

“வண்டிய உள்ள போட்டுட்டேன் ஃபிளோரா. காலை நல்லா நீட்டிப் படுத்துட்டேன்.”

ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். முதல் பத்து மணிகளை உருட்டி முடித்தேனா என்பதே எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது சன்னல் வழியே வெயில் அடித்தது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அன்றைக்குத்தான் பள்ளிக்குத் தாமதமாய்ப் போனேன். தலைமையாசிரியை காரணம் எழுதித் தரச் சொன்னார். ‘என் வீட்டுக்காரர் நன்றாகத் தூங்கினார்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

விழித்திருந்து கேட்ட செவிகளுக்கு நன்றி. உறங்கிவிட்ட கண்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. வணக்கம்!