சௌம்யாவின் ளகரம்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபி பரவாயில்லை, ஜெயலக்ஷ்மி மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தெரியாது என்றீர்கள். அப்படியானால் எழுத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் பெயர் முனிகிருஷ்ணன். பிறந்து வளர்ந்தது அல்சூர். மருந்துப் பரிசோதனை நடத்தும் ஒரு கம்பெனியில் டேட்டா பார்க்கிறேன். தசை வலுவிழந்துபோகும் நோய்க்கு ஒரு புது மாத்திரை வந்தது. அதை அல்சூர், விவேக் நகர் பக்கத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். அவர்களைப் போய்ப் பார்த்து வருவது பிரபா என்ற பெண். ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பெயரோடு தமிழில் டைப் அடித்து அனுப்புவாள். ஆரம்பத்தில் பெயர்களெல்லாம் வெறும் கேள்விக்குறிகளாக வந்து விழுந்தன. ஆபீசே தலையைப் பிய்த்துக்கொண்டது. நான்தான் சரிசெய்தேன். அதன்பிறகு என் ஸ்கிரிப்ட், அதாவது நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம், பெயரைப் படித்து, ஆளைக் கண்டுபிடித்து, யாருக்காவது கல்லீரல் கெட ஆரம்பித்தால் சிவப்பில் காட்டும். ஒருவருக்குச் சிவப்பு வந்தாலும் எல்லாருக்கும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். அது விதி.

இப்போது சௌம்யா என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'சௌ' என்பதன் வால் பார்வைக்கு அச்சு அசல் 'ள' மாதிரியே இருக்கும். அதனால் பிரபா 'செ' அடித்து, பக்கத்தில் ஒரு 'ள'வைத் தட்டிவிடுவாள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கம்ப்யூட்டருக்கோ அது வேறு பெயர், வேறு ஆள். அந்த 'ள'வைத் திருத்துவதற்கென்றே ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்.

உஷாவும் அந்த நோயாளிகளில் ஒருத்தி. என் மனைவி என்று கம்பெனியில் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் சேர்த்திருக்க மாட்டார்கள். கட்டிலோடு கிடந்தவள், மேடம். மாத்திரை ஆரம்பித்த பிறகு சுவரைப் பிடித்து நின்றாள். பிறகு சுவரையும் விட்டாள். ஒருநாள் நான் வீடு திரும்பியபோது கதவைத் திறந்ததே அவள்தான்.

"என்ன அப்படி முழிக்கிறீங்க? உள்ள வாங்க, ரசம் வெச்சிருக்கேன்" என்றாள்.

வாசலிலேயே நின்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரமே சௌம்யாவின் முடிவு வந்தது. விவேக் நகர் சர்ச்சுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தவள். மேலே அனுப்புவதற்கு முன் எப்போதும் நான் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். சிவப்பு.

இதைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணையும் நான் மாற்றவில்லை. பொய்யாக எதையும் சேர்க்கவில்லை. நான் எழுதிய வரியை நானே எடுத்தேன், அவ்வளவுதான். மறுபடி ஓட்டினேன். சௌம்யாவின் ரத்தம், ஆள் அடையாளம் கிடைக்காத முடிவுகளோடு போய் ஒதுங்கிக்கொண்டது. அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆமேலே, அப்புறம் என்ன என்று கன்னடத்தில் கேட்கிறீர்கள். அப்புறம் பிரபா போன் செய்தாள்.

"அண்ணா, சௌம்யா அக்காவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. மாத்திரைய நிறுத்தச் சொல்லட்டா?"

"சிஸ்டத்துல ஒண்ணும் காட்டலையேம்மா."

"நல்லாப் பாருங்கண்ணா. எனக்கு பயமா இருக்கு."

"பாத்துட்டேன். விடாம சாப்பிடச் சொல்லு."

சிஸ்டம் காட்டவில்லை என்பது உண்மைதானே.

நான் கல்நெஞ்சன் இல்லை. தினமும் அந்த வரியைத் திருப்பி வைக்கத்தான் உட்காருவேன். வைத்தால், இத்தனை நாள் எங்கே போயிற்று என்று கேட்பார்கள். மாத்திரை நிற்கும், உஷா மறுபடி படுத்துவிடுவாள், நான் உள்ளே போவேன். புலிவாலைப் பிடித்த கதை. விடவும் முடியாது, பிடித்திருக்கவும் முடியாது. சௌம்யாவுக்கு வயிறு வீங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், இறந்துபோனாள்.

தப்பு யாருடையது என்று தேடினார்கள். 'ள' அடித்தது பிரபாதானே. அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். போகும்போது என்னிடம் வந்தாள். "ஒரு எழுத்து தப்பா அடிச்சதுக்கா அக்கா செத்தாங்க?" என்று விக்கி விக்கி அழுதாள். யானைக்கும் அடி சறுக்கும்மா என்று ஆறுதல் சொன்னேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பாவம், நல்ல பெண்.

பிறகுதான் சீல் வைத்திருந்த விவரத்தைப் பிரித்தார்கள். இந்த மாதிரி பரிசோதனைகளில் பாதிப் பேருக்குத்தான் நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே டப்பாவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று முடியும்வரை எங்களுக்கே தெரியாது. எழுந்து நடக்கிற மனைவியைப் பார்த்து, இவள் தின்பது மாவு என்று எவனாவது நினைப்பானா?

சௌம்யாவுக்குப் போனது மருந்து. உஷாவுக்குப் போனது மாவு.

உங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த அந்த மாத்திரை டப்பாவைச் சாட்சிக்காக எடுத்துப் போனார்கள் அல்லவா, அன்றிலிருந்து உஷா கட்டிலை விட்டு இறங்கவில்லையாம். அது மாவு என்று அவளுக்குத் தெரியாது. தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.

பிரபா மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். சௌம்யாவைக் கொன்றது நான். தெரிந்தே கொன்றேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். டப்பாவை மட்டும் உஷாவுக்குக் கொடுத்தனுப்புங்கள். முடியாது என்று தலையாட்டாதீர்கள். உஷாவும் நடக்கவில்லை என்றால், சௌம்யா எதற்காகத்தான் செத்தாள், மேடம்?