கொரியாவில் நாலு வருஷம்

விழுப்புரம் போகும் பஸ்ஸில், ஷூ கம்பெனி யூனிபார்ம் போட்ட பெண் ஒருத்தி பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள்:

"எங்க சித்தப்பா மவன் நாலு வருஷம் கொரியாவுல சாம்பாரு வச்சிக்கினு இருந்திருக்கான்க்கா."

"அங்க போயி டிகிரி முடிச்சான்னு பேனரு வச்சாங்களே, அவனா?"

"அவன்தான். நேத்து எங்க கம்பெனிக்கு இன்டர்வியூ வந்தான். கொரியாக்கார மேனேஜரு அவரு பாஷையில கேக்கறாரு, இவன் பேந்தப் பேந்த முழிக்கறான். பாடம் பூரா இங்கிலீஷுதானாம்."

"கடைகண்ணிக்கும் போவலியாமா?"

"எங்க போனான்? ரூம்ல நம்மூரு பசங்களோடவே கெடந்திருக்கான். மேனேஜருக்கு இங்கிலீஷு வராது. என்னைக் கூப்ட்டாரு."

"உன்னையா?"

"ரெண்டு வருஷமா அவருகிட்ட திட்டு வாங்கியே கத்துக்கினேனே! பத்தாவது பெயிலான நான் எடுத்துச் சொல்லித்தான், இவன் என்னா படிச்சான்னே அவருக்குத் தெரிஞ்சுது."